கேஸ் எங்கிருந்து வருகிறது?

மஞ்சள் தாளில் கறுப்பு மார்க்கரால் என் கையாலேயே எழுதிய அறிவித்தல் அது. "கேஸ் எங்கிருந்து வருகிறது? ஏன் நின்றுபோகிறது?" என்று இரண்டு கேள்விகள், ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்தது போல, "விண்மீன் திரள்களைச் சூழ்ந்துள்ள வாயுவும் அவற்றின் வளர்ச்சியும்: ஓர் உரை" என்று ஒரு வரி. இன்னும் கீழே வாசிகசாலை மண்டபம், வியாழக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன். சமையல் கேஸ் சிலிண்டருக்காக நாடே தெருவில் வரிசை கட்டி நின்ற வருடம் அது. அந்த வருடத்தில் புத்தளத்துச் சுவர்களில் அப்படியொரு அறிவித்தலை ஒட்டியவளுக்கு மூளை இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலில் 'வாயு' என்றுதான் எழுதியிருந்தேன். வாசிகசாலைப் பொறுப்பாளர் பக்கத்து ஊரான உடப்பைச் சேர்ந்தவர். சாதுவான மனிதர், எதையும் முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாதவர். தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், வாயு எண்டு போட்டா, வயித்து வாய்வுக்கு மருந்து குடுக்கிறாங்க எண்டு நினைச்சுத்தான் சனம் வரும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப கேஸ் எண்டே போடுவம் சேர். சனத்துக்கு இப்ப அந்த ஒரு சொல்லுத்தானே வாயில" என்றேன். "கேஸ் எண்டா..." என்று இழுத்தார். அவரை முடிக்கவிடாமல் மார்க்கரைக் கையில் எடுத்துவிட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. யாராவது இழுத்துப் பேசினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

அந்த உரை எனக்கு ஏன் அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சில வருடங்கள், விண்மீன் திரள்களைச் சூழ்ந்திருக்கும் வாயுவைப் பற்றித்தான் படித்தேன், அதையே ஆராய்ந்தேன். வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் ஊருக்குத் திரும்பினேன். பெண்கள் பாடசாலையொன்றில் பௌதிகவியல் ஆசிரியையாகி, அப்படியே நின்றுவிட்டேன். அதில் குறையில்லை, பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் பாடத்திட்டத்தில் என் வாயுவுக்கு இடமில்லை. வீட்டில் பேச்செடுத்தால் உம்மா, "வானத்துல உள்ளதப் பொறகு பாப்பம், இப்ப சோத்த வடி" என்பார். என் மூத்த சகோதரர், நான் நானா என்று அழைப்பவர், தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே "ஓம் ஓம்" என்பார். மனம் நிறைய ஒன்றை வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் வருடக்கணக்கில் இருப்பது பெரிய பசி. வாசிகசாலையில் மாதமொரு உரை வைக்கிறோம், இந்த மாதம் நீங்கள் பேசுங்கள் என்று பொறுப்பாளர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி ராத்தாவைப் பற்றி. எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்போம். அவர் எனக்குச் சொந்தமில்லை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தாள். இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். காலையில் பாடசாலைக்குப் போகும் வழியில், துணி மூடிய ஓலைப்பெட்டிகளை முச்சக்கர வண்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் ஒரு கையை உயர்த்தி, "எங்கட மகள் படிக்கிறாளா டீச்சர்? படிக்காட்டி ரெண்டு போடுங்க" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்த மகள் வெட்கத்தில் என் குடைக்குள் ஒளிந்துகொள்வாள்.

அவர் இருந்தது களப்புப் பக்கமாக ஒரு மேல்மாடியில், வாடகைக்கு. சுவர் கரி பிடிக்கும், விறகு அடுப்பு மூட்டக்கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. மண்ணெண்ணெயும் கண்ணால் காணக் கிடைக்காத காலம். கணவர் எப்போதோ விலகிப் போய்விட்டார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒருவர் அந்தப் படிகளில் ஏறி இறங்கத் தொடங்கியிருந்தார். "அடுப்பு நிண்டா குவைத்துதான் டீச்சர். புள்ளைகள எங்கட தங்கச்சிட்ட உட்டுட்டுப் போகணும்" என்று ஒருநாள் பாடசாலை வாசலில் வைத்துச் சொன்னார். அன்று அவர் சிரிக்கவில்லை. சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. உம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் தூங்கமாட்டாளாம். அந்த அடுப்பு எரிகிற வரைக்கும்தான் ராத்தா இந்த ஊரில் இருக்க முடியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை நேரத்தோடே வாசிகசாலைக்குப் போய்விட்டேன். பொறுப்பாளர் கதிரைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பேர் வந்தால் பெரிய விஷயம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அஸர் முடிந்து சற்று நேரத்தில் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. இரும்பு தார் ரோட்டில் உருளும் சத்தம். எட்டிப் பார்த்தால், யா அல்லாஹ், ஊரே வருகிறது! சிலர் உருட்டிக்கொண்டு, சிலர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, சிலர் முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் வெறும் சிலிண்டர். பின்தெருவில் இருந்த கேஸ் கடைக்கு முன்னால் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்தவர்களிடம் யாரோ என் அறிவித்தலின் பெரிய எழுத்துகளை வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். வாய்க்கு வாய் மாறி அது, "வாசிகசாலையில கேஸ் குடுக்கிறாங்களாம்" என்று ஆகிவிட்டது. வரிசையில் பிடித்த இடத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்குள் மண்டபம் நிறைந்து, கதிரைகளுக்கு நடுவே சிலிண்டர்களும் குந்திவிட்டன. பொறுப்பாளர் என் பக்கத்தில் வந்து, "நான் அண்டைக்கு அதத்தான் சொல்ல வந்தன் டீச்சர்" என்றார் மெதுவாக.

உடனேயே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவ்வளவு சனம் என் பேச்சுக்கு வந்திருக்கிறது என்று ஒரு கணம் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் நடந்ததைத்தானே எழுத வேண்டும். பிஸ்மில்லாஹ் சொல்லி, பால்வெளி என்று தொடங்கி, ஹைட்ரஜன் என்று நான் வாயெடுத்தபோது பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். "தங்கச்சி, அதெல்லாம் சரி, டோக்கன் எப்ப தாறது?" என்றார். அப்போதுதான் விளக்கினேன். இது அந்தக் கேஸ் இல்லை, வானத்தில் உள்ள கேஸ் என்றேன். மண்டபம் வெடித்தது. "மனிசன் தின்ன வழியில்லாமக் கெடக்கான், இவ வானத்துக் கேஸப் பத்திக் கத செல்றா!" என்று அவர் சிலிண்டரைத் தோளில் தூக்கினார். அவர் பேசியதில் எந்தப் பிழையும் இல்லை. எல்லோரும் எழும்பினார்கள். பொறுப்பாளர் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொண்டே அவர்களோடு வாசல்வரை போய், அங்கேயே மாட்டிக்கொண்டார்.

மண்டபம் காலியான பிறகு பார்த்தால், ஓரமாக ஒரே ஓர் ஆள் மிச்சம். ராத்தா. பக்கத்தில் அவருடைய சிலிண்டர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க அந்தக் கதயச் செல்லுங்க டீச்சர்" என்றார்.

மின்சாரம் இருக்கவில்லை, படங்கள் காட்டவும் முடியவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவர் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நட்சத்திரம் பிறப்பது வாயுவிலிருந்து என்றேன். நாம் இருக்கிற பால்வெளி போன்ற ஒரு திரள் இத்தனை காலமாக நட்சத்திரங்களைப் பெற்றெடுத்துக்கொண்டேயிருக்கிறது, ஆனால் அதன் கையில் உள்ள வாயுவை மட்டும் நம்பியிருந்தால் எப்போதோ அடுப்பு அணைந்திருக்கும் என்றேன். ஆகவே வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. நமக்குத் தெரிகிற அந்த ஒளித்தட்டுக்கு வெளியே, பல மடங்கு தூரத்துக்கு, இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவுக்கு மெல்லிய வாயு படர்ந்திருக்கிறது. அதில் ஆறிக் குளிர்ந்தது உள்ளே இறங்குகிறது. உள்ளே பெரிய நட்சத்திரங்கள் வெடிக்கும்போது அங்கிருந்த வாயுவும் வெளியே வீசப்படுகிறது. வீசப்பட்டதில் ஒரு பங்கு ஆறி மறுபடி விழுகிறது, விழுந்ததிலிருந்து மறுபடி நட்சத்திரம். ராத்தா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்ணுக்குத் தெரியாத சாமான் இரிக்கி எண்டு எப்பிடிக் கண்டுபுடிச்சாங்க?" என்றார்.

என் உயிர் இருக்கிற இடமே அந்தக் கேள்விதான். அதைத்தானே நான் வருடக்கணக்கில் செய்தேன்! அந்த வாயுவுக்கும் பின்னால், இன்னும் எவ்வளவோ தூரத்தில், மிகப் பிரகாசமான ஓர் ஒளி இருக்கும். அந்த ஒளி நம்மிடம் வரும் வழியில் இந்த வாயுவைக் கடந்துதான் வர வேண்டும். கடக்கும்போது சில நிறங்களை வாயு பிடித்து வைத்துக்கொள்ளும். வந்து சேர்ந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால், பறிபோன நிறங்களின் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள். எந்த இடத்தில் கோடு விழுகிறது என்பதைக் கொண்டு அங்கே என்ன இருக்கிறது, அது நம் பக்கம் வருகிறதா விலகிப் போகிறதா என்றெல்லாம் சொல்லிவிடலாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "களவு போன சாமான வெச்சுக் கள்ளனப் புடிக்கிற மாதிரி" என்றார் ராத்தா. நான் கைதட்டிச் சிரித்தேன். வெளிநாட்டில் எனக்குப் படிப்பித்தவர்கள்கூட அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிறகு சிலிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு, "வாறது நிண்டா, அதுக்கு எப்ப தெரிய வரும்?" என்று கேட்டார். உடனே தெரியாது என்றேன். சில திரள்களில் வாயு பறிக்கப்பட்டுவிடுகிறது. சிலவற்றில் சுற்றிவர வாயு இருக்கிறது, ஆனால் அது கொதித்துப்போய்க் கிடப்பதால் கீழே இறங்காது. "எங்கட கேஸ் கப்பல் கடல்ல வந்து நிக்குது, எறக்கிறாங்க இல்ல எண்டு செல்றாங்களே, அப்பிடி" என்றார். ஓம் என்றேன். வரத்து நின்ற பிறகும் கையில் உள்ளதைக் கொண்டு திரள் கொஞ்ச காலம் நட்சத்திரம் பெற்றுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பிறகு பெரிய நீல நட்சத்திரங்கள் முதலில் சாகும்; அவற்றுக்குப் பதில் புதிதாகப் பிறக்காது. சிவந்த சின்ன நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சும். "அடுப்பும் அப்பிடித்தான் டீச்சர். முடியப் போகக்குள்ள நீலம் போயிடும்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "இன்னம் எத்தன நாளைக்கு எண்டு அதுக்கே தெரியாது. பாவம்" என்றார். ஒரு விண்மீன் திரளைப் பார்த்துப் பாவம் என்று ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கால் தரையில் படாத சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் புதுச் சிலிண்டர் ஒன்று நின்றது, முத்திரை உடைக்காதது. நானா வாயெல்லாம் பல்லாக நின்றார். "ஒன்ட பேச்சாலதான் புள்ள கெடச்சிது! எனக்கு முன்னால நிண்டதுல பாதிப் பேர் வாசிகசாலைக்கு ஓடிட்டாங்க. லொறி வரக்குள்ள நான் முன்னுக்கு!" என்றார். "ஓடினவங்க?" என்று கேட்டேன். "திரும்பி ஓடி வந்தவங்களுக்குக் கெடச்சிது. கடைசியா மூச்செரைக்க வந்த மனிசனும் எடுத்துட்டுத்தான் போனார். வராதவங்களுக்குத்தான் இல்ல" என்றார். உம்மா சமையலறையிலிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

அது யாருடைய சிலிண்டர் என்று எனக்குத் தெரியும். என் அறிவித்தலை நம்பி வந்து, நான் பேசியதைக் கேட்டு உட்கார்ந்திருந்ததால் ராத்தாவுக்குக் கிடைக்காமல் போனது அது. அப்போதே அதை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. எங்கள் அடுப்பில் பூட்டியிருந்த பழையதைக் கழற்றினேன். வாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், உடம்பு துடைக்கச் சுடுதண்ணீர் வேண்டும், அடுத்த லொறி எப்போது வருமோ என்று உம்மா பின்னாலேயே வந்து சொன்னார். அத்தனையும் உண்மையான காரணங்கள். எனக்கும் அவை தேவைப்பட்டன, பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பழையதை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். "வீட்ல இரிந்தது இதுதான் ராத்தா" என்றேன். ஒரு பொய்யை அவ்வளவு சரளமாக நான் அதற்கு முன்னர் சொன்னதில்லை. ராத்தா ஃபிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரைச் சிலிண்டரின் ஒரு பக்கமாக மேலிருந்து ஊற்றி, உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். உள்ளே கேஸ் இருக்கிற உயரம் வரை இரும்பு குளிர்ந்திருக்கும். எங்கள் பெண்களுக்கெல்லாம் அந்த வருடம் பாடமான வேலை அது. கை கீழே கீழே போய், அடிப்பகுதிக்குச் சற்று மேலே நின்றது. அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. "பத்து நாளைக்குக் காணும்" என்று சிரித்தார். "அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும் டீச்சர்."

பத்து நாள் ஓடவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் விறகில் இடியப்பம் அவிக்கிற இன்னோர் இடத்துக்கு மாறினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. முகவர் கடைசித் தடவையாகப் படியேறினார். ராத்தா புறப்பட்ட நாள் நான் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். சின்னவளின் விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையிலிருந்து பிரித்தெடுத்தது அவருடைய தங்கைதான். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போக எனக்கு முகம் இருக்கவில்லை.

இதற்கும் மேலே ஒரு கேவலம் உண்டு. அதற்குப் பிந்திய வருடங்களில், வகுப்பு சோர்ந்துபோகும் போதெல்லாம் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன். கேஸ் தேடி வந்த இடியப்பக்கார ராத்தா ஒருவர் விண்மீன் திரள்களின் கதையில் சொக்கிப்போய் எல்லாவற்றையும் மறந்து உட்கார்ந்துவிட்டார், அறிவின் ருசி அப்படிப்பட்டது பிள்ளைகளே என்று முடிப்பேன். புதுச் சிலிண்டர், பழைய சிலிண்டர் எதுவும் அந்தக் கதையில் வராது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

இப்போது கேஸ் கடை வாசலில் சிலிண்டர்கள் வெயிலில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு பின்னேரம் ராத்தாவின் மூத்த மகள் தொதல் இனிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். விஞ்ஞான பீடத்துக்கு எடுபட்டிருக்கிறாளாம். கட்டிப்பிடித்துக் கொண்டாடி முடிவதற்குள், "உம்மா ஒங்களோட கதைக்கணுமாம்" என்று தொலைபேசியை என் கையில் தந்தாள். திரையில் ராத்தா. மெலிந்திருந்தார், ஆனால் அதே சிரிப்பு. பின்னால் யாரோ ஒருவருடைய பளபளக்கும் சமையலறை. "இங்க கேஸ் கொழாயில வருது டீச்சர், நிக்கிறதே இல்ல" என்றார். சின்னவள் இப்போதெல்லாம் தொலைபேசியில் சரியாகப் பேசுவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வெளி விறாந்தைக்கு வந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று லொறி வந்ததை, நானாவுக்குப் புதியது கிடைத்ததை, அதை வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கி வந்து பொய் சொன்னதை, ஒன்றும் மறைக்கவில்லை. அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"எனக்குத் தெரியுமே டீச்சர்" என்றார். "ஒங்கட நானா புதுச் சிலிண்டரோட போனத முழுத் தெருவும் கண்டுச்சி. ஒங்கட வாப்பாவுக்குக் கஞ்சி காச்சணுந்தானே. நான் அத மனசுல வெச்சுக்கல்ல."

"லொறி வந்தது எப்ப தெரியும் ராத்தா?"

"அப்பவே தெரியும். நீங்க அந்தக் கறுப்புக் கோடுகளப் பத்திச் செல்லிக்கிட்டிரிக்கக்குள்ள ஜன்னலுக்கு வெளியால போச்சி."

அந்த மண்டபத்திலிருந்து கேஸ் கடைக்கு ஓடிப் போக இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடைசியாக ஓடியவருக்கும் கிடைத்திருக்கிறது. "கண்டுட்டும் ஏன் ராத்தா எழும்பிப் போகல்ல?" என்றேன்.

ராத்தா இதையெல்லாம் ஒரு கேள்வியென்று கேட்கிறீர்களே என்பது போலப் பார்த்தார்.

"எல்லாரும் எழும்பிப் பெய்ட்டாங்க. நீங்க அவ்வளவு ஆசையோட செல்லிக்கிட்டிரிந்தீங்க. நானும் பெய்ட்டா, நீங்க ஆருக்குச் செல்ற டீச்சர்?"